தொண்ணூற்றாறு பாகையில் கொதிக்கும் ஊரும் ஒரு நிமிடக் காணொளிகளும்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் திறந்த பானைத் தண்ணீர் 100 பாகை செல்சியஸைத் தொடுவதில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1200 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. காற்றழுத்தம் குறைவு என்பதால் 96 பாகையிலேயே பானை தளதளவென்று கொதிக்கத் தொடங்கிவிடும். இன்னும் மேலே, நுவரெலியாவில், 94 பாகை போதும். நாலைந்து பாகைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. சென்னையிலோ கொழும்பிலோ எடுத்த சமையல் காணொளியில் சொன்ன நேரத்துக்குள் குழைந்துவிடும் பருப்பு, இங்கே விறகடுப்பில் அதற்கும் மேலே நெடுநேரம் வேகும். குளிரில் ஆப்ப மாவும் இட்லி மாவும் ஓரிரவில் தானாகப் பொங்காது. அடுப்படியின் சூட்டில் சட்டியை வைத்துச் சாக்கால் மூடினால்தான் காலையில் புளித்திருக்கும்.

கைத்தொலைபேசியில் நாள்தோறும் ஓடும் "வீட்டுக்கு உதவும் யோசனை" காணொளிகளையும், அவற்றோடு ஒட்டிக்கொண்டு விற்பனைக்கு வரும் சின்னச்சின்ன உபகரணங்களையும் மலையகத்திலிருந்து பார்க்கும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது. அந்த யோசனை எந்த வீட்டுக்காக, எந்த அடுப்புக்காக, எந்தக் காலநிலைக்காக உருவானது? கெட்டித்தனத்துக்கும் ஓர் ஊர் உண்டு.

யூடியூப்பில் ஏறிய முதல் காணொளி 2005 ஏப்ரலில் வந்தது. ஒரு விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று ஓர் இளைஞர் 19 விநாடி பேசினார், அவ்வளவுதான். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2016இல், சைப்பிரசைத் தளமாகக் கொண்ட தி சோல் பப்ளிஷிங் என்ற நிறுவனம் 'ஃபைவ் மினிட் கிராஃப்ட்ஸ்' என்ற அலைவரிசையைத் தொடங்கியது. பற்பசையால் இதைச் செய்யலாம், உறிஞ்சுகுழலால் அதைச் செய்யலாம் என்று பேச்சே இல்லாமல் கைகளை மட்டும் காட்டிய அந்த அலைவரிசைக்கு 8 கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். பேச்சு இல்லாததால் அதற்கு மொழியும் தடையாக இருக்கவில்லை. ஹட்டனில் பார்ப்பவருக்கும் பிரேசிலில் பார்ப்பவருக்கும் அது ஒரே மாதிரிப் புரிந்தது.

இதற்கு முந்திய பரம்பரையும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரொன் பொப்பீல் என்பவர் காய்கறி வெட்டும் கருவிகளைத் தம் கையாலேயே இயக்கிக் காட்டிப் பல ஆண்டுகள் விற்றார். திருவிழாவில் மேசை போட்டுக் காய் சீவிக் காட்டும் வியாபாரியின் வித்தைதான் அது. பார்ப்பவர் கண்முன்னே ஒரு சிக்கல் தோன்றி அரை நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. அந்தத் தீர்வைப் பார்ப்பதில் ஓர் உண்மையான மகிழ்ச்சி இருக்கிறது. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து வரிசை வீடான லயத்தின் காம்பராவில் சாய்ந்திருப்பவர் அதைப் பார்த்துச் சிரிப்பதைக் குறையாகச் சொல்ல எதுவும் இல்லை. ஜப்பானின் கென்ஜி கவாகமி 'சிந்தோகு' என்ற பெயரில் உருவாக்கிய வேடிக்கைக் கண்டுபிடிப்புகள் அந்த மகிழ்ச்சிக்காகவே பிறந்தவை. பயன்படுவது போலத் தோன்றும், ஆனால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்பது தெரிந்தே செய்யப்பட்டவை. அவை ஒருவரையும் ஏமாற்றவில்லை.

வேடிக்கை அறிவுரையாக வேடம் போடும் இடத்தில்தான் கேடு தொடங்குகிறது. உணவு விஞ்ஞானம் பயின்ற ஆஸ்திரேலியரான ஆன் ரியர்டன், தமது யூடியூப் அலைவரிசையில் இத்தகைய காணொளிகளை ஒவ்வொன்றாகச் செய்துபார்த்து, எது நடக்கும் எது நடக்காது என்று காட்டிவருகிறார். ஸ்ட்ரோபெரிப் பழத்தை வெளுக்கும் திரவத்தில் ஊறவைத்து வெள்ளையாக்கலாம் என்று ஒரு காணொளி சொன்னது. அதைப் பார்க்கும் குழந்தை அந்தப் பழத்தை வாயில் போடாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய மின்மாற்றியைக் கொண்டு மரத்தில் மின்னல் போன்ற கோலம் எரிக்கும் வித்தை இன்னும் மோசம். ஈராயிரம் வோல்ற்று அளவில் பாயும் அந்த மின்சாரத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்திருப்பதாக அமெரிக்காவின் மரக்கடைசல் கலைஞர் சங்கம் கணக்கு வைத்திருக்கிறது. இதை எச்சரித்து ஆன் ரியர்டன் 2022இல் வெளியிட்ட காணொளியை யூடியூப் முதலில் நீக்கி, எதிர்ப்பு எழுந்த பிறகே திரும்ப அனுமதித்தது. சீனாவில் 2019இல், தகரப் பேணிக்குக் கீழே மதுசாரத்தை எரித்துச் சோளம் பொரிக்க முயன்ற 14 வயதுச் சிறுமி தீக்காயங்களால் உயிரிழந்தாள். இணையக் காணொளி ஒன்றைப் பார்த்துத்தான் அவள் அதைச் செய்தாள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள்.

ஆபத்தில்லாத பொய்களும் பல. அப்பச்சோடாவில் வினாகிரியை ஊற்றினால் நுரை பொங்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து, காபனீரொட்சைட்டு வாயு பறந்துவிட, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். கறை போக வேண்டுமானால் சோடாவைத் தனியாகப் போட்டுத் தேய்ப்பதே மேல்.

பணத்தைத் தின்னும் பொய் வேறு வகை. இலங்கையில் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூடியது. அப்படிப்பட்ட காலத்தில் "சுவரில் செருகினால் போதும், பில் பாதியாகும்" என்று சொல்லும் சிறு பெட்டிகளுக்கு ஆள் சேராமல் இருக்குமா? பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னக் கொள்ளளவியும் பச்சை விளக்கும் இருக்கும். தொழிற்சாலைகளின் பெரிய இயந்திரங்களுக்குக் கொள்ளளவி பொருத்துவதில் பொருள் உண்டு, ஏனென்றால் அங்கே கட்டணம் வேறு விதமாகக் கணக்கிடப்படுகிறது. வீட்டு மின்மானி அளப்பது நாம் உண்மையில் செலவிட்ட அலகுகளை மட்டுமே. அந்தப் பெட்டியால் ஓர் அலகும் குறையாது. அந்தப் பச்சை விளக்கு எரிவதற்கான மின்சாரம் கூடுதல் செலவு. மேல் கொத்மலை அணையும் 150 மெகாவாட் நீர்மின் திட்டமும் பக்கத்திலேயே இருக்கும் ஊரில், மின்சாரம் எப்படி அளக்கப்படுகிறது என்பதைப் பள்ளிக்கூடங்கள் இரண்டு நிமிடக் காணொளியாகச் சொல்லிக்கொடுத்தால் பல குடும்பங்களின் காசு மிஞ்சும்.

காசு என்னும்போது ஓர் அளவுகோலை மனதில் வைக்க வேண்டும். 2021இல் ஆயிரம் ரூபாவாக இருந்த தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவானது. அந்தக் கணக்கில் 1350 ரூபா விலை போட்ட ஒரு பிளாஸ்டிக் வெங்காய வெட்டி, ஒரு பெண் ஆள்கணக்கெடுக்கும் காலைப் பெரட்டிலிருந்து மாலை நிறுவை வரை மலையில் நின்ற ஒரு முழு நாள். அது ஒரு மாதத்தில் உடைந்தால் போவது ஒரு நாள் உழைப்பு. வாங்கும் வழியும் நேரானதல்ல. லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாத தோட்டங்கள் இன்றும் உண்டு. தோட்ட அலுவலகத்துக்குப் போகும் கடிதம் கைக்கு வர நாளாகி, நேர்முகத் தேர்வுகூடத் தவறிப்போகிறது என்ற குறை மிகப் பழையது. பொதி கொண்டுவருபவர் தொலைபேசியில் அழைத்தால் டவுனுக்கு இறங்கிப்போய் எடுக்க வேண்டும். பெரும்பாலும் காசைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்கலாம். படத்தில் கண்டதும் பெட்டியில் இருப்பதும் வேறாக இருந்தால், முகவரியில்லாத ஒரு வீட்டிலிருந்து எதைத் திருப்பி அனுப்புவது?

நல்ல யோசனைகளும் எல்லா ஊருக்கும் பொருந்துவதில்லை என்பதற்குக் குஜராத்தின் களிமண் குளிர்சாதனப் பெட்டி சரியான உதாரணம். வாங்கானேரைச் சேர்ந்த குயவர் மன்சுக்பாய் பிரஜாபதி உருவாக்கிய 'மிட்டிகூல்' மின்சாரமில்லாமல் காய்கறியைக் குளிராக வைத்திருக்கும். மண் சுவரில் ஊறும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. வறண்ட காற்றுள்ள குஜராத்தில் அது அருமையான கண்டுபிடிப்பு, அந்தப் புகழ் முழுவதும் அதற்குத் தகும். காற்றில் எந்நேரமும் ஈரம் நிற்கும் தலவாக்கலையில் தண்ணீர் அவ்வளவு விரைவாக ஆவியாகாது, பெட்டியும் குளிராது. இந்த ஊரின் தேவை எதிர்த்திசையில் இருக்கிறது. ஈரத்தைப் போக்குவதும் சூட்டைக் காப்பதும்தான் இங்கே வேலை.

அழுத்தச் சமையற்பாத்திரம் இங்கே பகட்டுப் பொருள் அல்ல என்று சொல்வதற்கு, முதலில் பார்த்த குறைந்த கொதிநிலையே காரணம். பிரான்சைச் சேர்ந்த டெனி பப்பான் 1679இல் செய்த பாத்திரத்தின் வழிவந்த இந்தக் கருவிக்கு மூடிக்குள்ளேயே தனிக் காற்றழுத்தம் உண்டு. ஆகவே மலை பறித்துக்கொண்ட பாகைகளை அது திருப்பித் தருகிறது, 110ஐயும் தாண்டிச் சூடேற்றுகிறது. பருப்புக்கும் கடலைக்கும் செலவாகும் விறகு நன்றாகக் குறையும். மலையகத்துக் குசினிக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய இரட்டை லயங்களில் பின்சுவர் அடுத்த வீட்டின் பின்சுவரோடு ஒட்டியிருக்கும். ஜன்னல் வைக்க இடமில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கும் காம்பராவுக்குள் இருட்டு. பிரேசிலின் உபெராபா நகரத்து மெக்கானிக்கான அல்பிரெடோ மோசர் 2002இல், மின்வெட்டுக் காலத்தில், இந்த இருட்டுக்கு ஒரு வழி கண்டார். இரண்டு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீரும், பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி வெளுக்கும் திரவமும் விட்டு, கூரைத் தகரத்தில் துளையிட்டு, பாதி மேலே பாதி கீழே இருக்கும்படி பொருத்தினார். வெயில் தண்ணீரில் முறிந்து அறை முழுவதும் சிதறியது. 40 முதல் 60 வாட் மின்குமிழ் தரும் வெளிச்சம், செலவில்லாமல். 2011இல் பிலிப்பைன்ஸில் இல்லாக் டியாஸ் இதை 'லிட்டர் ஒஃப் லைட்' என்ற இயக்கமாக்கினார். காணொளி வழியாக அது பல நாடுகளுக்குப் பரவியது. இணையக் காணொளி உலகுக்குச் செய்த நல்ல காரியங்களைப் பட்டியலிட்டால் இது முன்வரிசையில் வரும்.

தலவாக்கலையில் இதைச் செய்யலாமா? செய்யலாம். ஆனால் காணொளியில் இல்லாத இரண்டு விடயங்கள் குறுக்கே நிற்கின்றன. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இங்கே நின்று பெய்யும். துளையைச் சுற்றிப் பூசும் பசை சரியில்லை என்றால் வெளிச்சத்தோடு ஒழுக்கும் வந்துவிடும். இரண்டாவது தடை தகரத்தின் உரிமை. லயத்தின் கூரையும் அது நிற்கும் நிலமும் அங்கே வாழும் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. மழைக்காற்றில் தகரம் பறக்காமல் கல்லையும் பழைய டயரையும் மேலே வைக்கிறார்கள், அதைச் செய்யலாம். துளையிடுவது வேறு விவகாரம். 2023இல், மலையகத் தமிழர் இந்தத் தீவுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்தில் எழுந்த கோரிக்கைகளில் காணியும் வீடும் முக்கியமானவை. ஒரு போத்தல் விளக்கின் செய்முறைக்குள்ளும் அந்தக் கோரிக்கை இருக்கிறது.

இலங்கையிலேயே பிறந்த கெட்டித்தனம் ஒன்றைப் பற்றி ஒரு நிமிடக் காணொளிகள் அதிகம் பேசுவதில்லை. அனகி அடுப்பு 1980களில் உருவானது. பொருளியலாளர் ஈ. எஃப். ஷூமாக்கர் 1966இல் தொடக்கிவைத்த பிரித்தானிய இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பும் உள்ளூர் நிறுவனங்களும் குயவர்களும் சேர்ந்து வடிவமைத்தார்கள். ஒரே துண்டாகச் சுட்ட களிமண், அதில் இரண்டு பானைக்கு இடம், விறகு வைக்க ஒரே வாய். முதல் பானையைச் சூடாக்கிய தீ வீணாகாமல் உள்வழியாக இரண்டாவது பானைக்குப் போகும். ஒன்றில் சோறு, மற்றதில் கறி. வீட்டுக்கு வந்ததும் சுற்றிலும் மண் பூசினால் சூடு உள்ளேயே நிற்கும். மூன்று கல் அடுப்பைவிட விறகும் புகையும் தெளிவாகக் குறைவு. குயவர் ஊர்களில் அச்சு வைத்துச் செய்து, சாதாரணக் கடைகளில் விற்று, விளம்பரமில்லாமலே நாடெங்கும் பரவிய பொருள்.

இதன் அருமை 2022இல் எல்லோருக்கும் தெரிந்தது. முந்திய ஆண்டின் இறுதியில் வீடுகளில் எரிவாயு வெடிப்புகள், பிறகு சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசை, மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. கொழும்பு மாடிவீட்டுக்காரர்களும் விறகுக்கு அலைந்தார்கள். தோட்டங்களில் விறகடுப்பு ஒருபோதும் அணைந்ததில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் மிலாறைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து, அடுப்புக்கு மேலே பரண் கட்டி, கீழே எரியும் தீயின் சூட்டிலேயே நாளைய விறகைக் காயவைக்கும் ஏற்பாடு லயத்துக் குசினிகளில் தலைமுறைகளாக இருக்கிறது. அதற்கு வேறொரு விலையும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் 2020இல் மட்டும் வீட்டுக்குள் சூழும் புகையால் 32 இலட்சம் பேர் உலகெங்கும் இறந்தார்கள். புகைபோக்கி இல்லாத லயத்துக் குசினியில் விடிகாலை நாலரைக்கு ஊதுகுழலோடு குந்தியிருக்கும் பெண்ணுக்கு, வெங்காயம் வெட்டும் கருவியைவிட இரண்டு அடி உயரப் புகைக்குழாய் ஒன்று எவ்வளவோ பெரிய உபகாரம். அதை எப்படிப் பொருத்துவது என்று தமிழில், லயத்தின் அளவுக்குச் செய்துகாட்டும் காணொளிகளே இப்போது வேண்டியவை.

அப்படிச் செய்துகாட்டுவது எப்படி என்பதற்கு அரவிந்த் குப்தா இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, லொறி தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர், 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் விஞ்ஞானத் திட்டத்துக்குப் போனார். சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து வடிவியல் கற்பிக்கலாம் என்று கண்டது அங்கேதான். 1986இல் அது புத்தகமானது. குப்பையிலிருந்து செய்யும் அவரது விளையாட்டுப் பொருட்களின் குறுங்காணொளிகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு மின்கலம், இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், கொஞ்சம் செப்புக்கம்பி இருந்தால் மின்மோட்டர் சுழலும். என்ன பொருள், எப்படி வெட்டுவது, ஏன் சுழல்கிறது என்று அனைத்தும் அதே காட்சிக்குள் இருக்கும். விற்பதற்கு ஒன்றும் இல்லாததால் மறைப்பதற்கும் ஒன்றும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை உச்சிக்கு ஏறிப் பாடங்களை இறக்கிக்கொண்டார்கள். அவ்வளவு பாடுபட்டு ஏறும் பிள்ளைக்குக் கொடுக்கத் தகுந்தவை இத்தகைய காணொளிகள்.

மகிழ்விக்கும் காணொளியும் நேர்மையாக இருக்கலாம் என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்னவீரமங்கலம் காட்டியது. 2018இல் பெரியதம்பி தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டித் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரரை எட்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் அலைவரிசை அது. அவர்கள் எதையும் சுருக்கவழி என்று சொல்லி விற்கவில்லை. அம்மியில் அரைத்தார்கள், பெரிய அண்டாவில் கிண்டினார்கள், சமைத்ததை ஊராருக்குப் பரிமாறினார்கள். தங்கள் வேலையைத் தங்கள் இடத்தில் தாங்களே எடுத்துக்காட்டியதுதான் வெற்றியின் இரகசியம்.

மலையகத்தின் படங்கள் பெரும்பாலும் மற்றவர் எடுத்தவை. 1880களில் தலவாக்கலைக்கு வந்த ரயில்பாதையில் இன்று வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கும் பயணிகள் கோடிப்பேரின் திரையில் ஓடுகிறார்கள். சென் கிளயார் அருவிக்கும் டெவன் அருவிக்கும் பின்னணியாகக் கொழுந்து எடுக்கும் பெண்கள் அரை விநாடி வந்து மறைகிறார்கள். அந்த அரை விநாடிக்குள் இருக்கும் கெட்டித்தனங்களைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். செடிகளின் மேற்பரப்பில் கிடத்திவைக்கும் மட்டக்கம்பு எளிய ஒரு குச்சிதான், ஆனால் ஆயிரக்கணக்கான செடிகள் ஒரே தளமாக வளர்வது அதனால். இடுப்பில் சுற்றிய படங்கு, செடியின் கிளை கிழிக்காமலும் மழை நனைக்காமலும் காக்கிறது. மலை உச்சி ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் இழுத்து, எந்த இயந்திரமும் இல்லாமல் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாட்டில் ஒரு நீரியல் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இவற்றை மலையகப் பிள்ளைகள் தாங்களே படமெடுத்து, தங்கள் பேச்சில் விளக்கினால் பார்க்க ஆள் உண்டு. புசல்லாவை நயப்பனைத் தோட்டத்துச் சிறுமி அசானி 2023இல் ஜீ தமிழின் சரிகமப மேடையில் பாடிய துண்டுகளைத் தோட்டம் தோட்டமாகக் கைமாற்றிப் பார்த்தவர்கள்தானே இவர்கள்.

கடைசியாக ஒரு காணொளி. உலகம் அதை மன அமைதிக்காகப் பார்க்கிறது, தலவாக்கலை வேறு மனநிலையில் பார்க்கிறது. ஜப்பானின் ககோஷிமாவில், சமதளத் தோட்டத்தில், ஓட்டுநர் அமர்ந்து செலுத்தும் இயந்திரம் ஒரு வரிசைத் தேயிலையைச் சீராக வெட்டிப் பின்னாலுள்ள பைக்குள் நிரப்பிக்கொண்டே போகும். பார்ப்பவர் கண்ணுக்கு இதமான காட்சி. நாளொன்றுக்கு 18, 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், என்று வாழும் பெண் அதைப் பார்க்கும்போது அவள் மனதில் ஓடும் கணக்கு வேறு. அந்த இயந்திரம் இந்தச் சரிவில் ஏறாது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று தேர்ந்தெடுக்கவும் அதற்குத் தெரியாது, இளசையும் முற்றலையும் சேர்த்தே வெட்டும். ஆனால் இரண்டுபேர் தூக்கிப்பிடிக்கும் சிறிய இயந்திரங்களும், தட்டுப் பொருத்திய கைக்கத்தரிகளும் சரிவிலும் வேலை செய்யும். நீலகிரியில் கத்தரி ஏற்கெனவே பரவலாகிவிட்டது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஊருக்கு அருகிலேயே, சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. எந்தக் கருவி எந்தச் செடிக்கு, எந்தச் சரிவுக்கு ஏற்றது என்று சொல்லும் அறிவும் களமும் அதனிடம் உண்டு. கத்தரியின் எடையை ஒரு பெண்ணின் தோள் எவ்வளவு தாங்கும், கத்தரியால் கூடுதலாக எடுத்த கிலோவுக்கு யார் கணக்கில் காசு சேரும், நிறுவையில் முற்றல் இலைக்கு எவ்வளவு கழிக்கப்படும் என்பவை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முடிவாகின்றவை. கருவி மலைக்கு வந்துசேர்வதற்கு முன்பே, அதைக் கையில் பிடிக்கப்போகிறவர்களை முன்னால் உட்காரவைத்து இந்தக் கேள்விகளைப் பேசித் தீர்க்க வேண்டும்.